படகில் பிறந்த சாக்கு

கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை ஃபோன் செய்து, "என் படகுல கடற்சிங்கம் குட்டி போட்டிருக்கு, என்னால வர முடியாது" என்று சொன்னால் எந்தப் பெண்தான் நம்புவாள்? சுலேமாவும் நம்பவில்லை. கல்யாண உடுப்போடும் தலையில் சுருள் கிளிப்புகளோடும், தேங்காய்ப் பாலில் கொதிக்கிற மீனை ருசி பார்த்துக்கொண்டிருந்தவள், அகப்பையை அப்படியே அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபம் வந்தால் மட்டும் அவளுக்கு மரியாதை வாயில் வந்துவிடும்.

"ரொம்ப சந்தோஷங்க. தாயும் சேயும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு ஃபோனை வைத்தாள்.

எலியேசெர் தவறவிட்ட கல்யாணம் இது மூன்றாவது. முதல் தடவை, வரும் வழியில் ஒரு தாய்த் திமிங்கிலம் கன்றோடு குறுக்கே கிடந்தது, இன்ஜினை அணைத்துவிட்டு அது விலகும்வரை காத்திருந்தேன் என்றான். அவன் வந்து சேர்ந்தபோது ஃபாதர் வேறு தீவுக்குப் பூசைக்குப் போய்விட்டிருந்தார். இரண்டாவது தடவை, கொடியில் காய்ந்த கல்யாணக் கோட்டில் ஒரு கையைக் காட்டுக் கழுதை தின்றுவிட்டது என்றான். அதற்கப்புறம் புவெர்த்தோ அயோரா என்கிற துறைமுக ஊரில் சுலேமாவின் சாப்பாட்டுக் கடைக்கு வந்த ஒருவர் பாக்கியில்லாமல், "மாப்பிள்ளைய இந்தத் தடவ எது தின்னுச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். சூப்பு ஊற்றும்போது அவளுக்கு வந்தது வெட்கம் இல்லை. அத்தனை பேர் தலையிலும் அதைக் கொட்டிவிடலாமா என்கிற ஆசை.

அப்போதே அவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மூன்றாவது தடவையும் வராவிட்டால் மோதிரம் கடலுக்கு, அவன் அவனுடைய கல்லுக்கு.

கல் என்று அவள் சொன்னது ஃப்ளோரியானாவை. எலியேசெர் பிறந்து வளர்ந்த அந்தத் தீவில் ஒரே ஒரு தெரு, கொஞ்சம் வீடுகள், கருமணல் கடற்கரை. மீதியெல்லாம் எப்போதோ எரிமலை கக்கிவிட்டுப் போன பாறை. பயணிகள் காலையில் படகில் வந்து, ஆமையையும் பூநாரையையும் பார்த்துவிட்டுச் சாயங்காலம் போய்விடுவார்கள். சுலேமா ஒருநாளும் போனதில்லை. படகில் ஏறினால் அவளுக்குக் குடலே வெளியே வந்துவிடும். பெருநிலத்திலிருந்து இந்தத் தீவுக்கூட்டத்துக்கே அவள் விமானத்தில்தான் வந்தாள். ஓணானும் பாறையும் குடியிருக்கிற இடத்தில் மனுஷிக்கு என்ன வேலை என்று அவள் கேட்டபோது எலியேசெர் தலையைச் சொறிந்துகொண்டு, சரி, நானே அயோராவுக்கு வந்துவிடுகிறேன் என்றான். கல்யாணம் முடிந்ததும் அவள் கடைக்குப் பின்னாலிருக்கிற வீட்டில் குடித்தனம், இங்கேயே படகு ஓட்டிப் பிழைப்பு. இதுதான் ஒப்பந்தம். ஒப்புக்கொண்டானே தவிர, அதைச் சொன்னபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை. அதை அவளும் கவனிக்காமல் இல்லை. அதனால்தான் இந்தச் சாக்குகளின் மேல் அவளுக்கு அத்தனை சந்தேகம்.

கடைத் தெரு முழுக்க அன்றைக்கு ஃப்ளோரியானா ஜனங்கள். முந்தின நாளே இருக்கிற படகையெல்லாம் கட்டிக்கொண்டு ஊரே கல்யாணத்துக்கு வந்திறங்கியிருந்தது. எலியேசெர் மட்டும்தான் பின்தங்கினான். புதுசாகப் பூசிய பெயின்ட் காயட்டும், காலையில் படகை அலங்கரித்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தான். இப்போது அவனைப் போய்க் கூட்டிவரலாம் என்றால், 'படகு இல்லை' என்பது மட்டும் இல்லையாம் அவன் பிரச்சினை. அந்த இடத்தை விட்டு அசையவே முடியாதாம்.

"நம்புற மாதிரி ஒரு பொய் சொல்லக்கூட வக்கில்ல பாரு" என்றாள் சுலேமா தங்கையிடம். கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மேசையில் போட்டாள். "நானே போறேன். கையும் களவுமாப் பிடிச்சு, மோதிரத்த அவன் கண்ணு முன்னால தண்ணியில எறிஞ்சுட்டு வரேன்."

தங்கை நார்சிசா பதறிப்போனாள். "நீயா? கடல்லயா? அக்கா, குளத்துல வாத்து நீந்துறதப் பாத்தாலே உனக்குக் குமட்டும்."

"குமட்டினா குமட்டட்டும்."

ஃபாதர் அனிபாலும் வர வேண்டும் என்றாள். ஃபாதர் முன்னிலையில் கொடுத்த வாக்கை ஃபாதர் முன்னிலையிலேயே முறிக்க வேண்டும், பிறகு ஊரில் யாரும் வேறு கதை கட்டக்கூடாது. நடக்கப்போகிற சண்டையைத் தவறவிட ஃப்ளோரியானாக்காரர்களுக்கு மனசு வருமா? அவர்களும் ஒருவர் விடாமல் கிளம்பினார்கள். நார்சிசா மட்டும் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மீன் குழம்புப் பானைகளையும் சோற்று அண்டாவையும் துணி சுற்றிக் கட்டிப் படகில் ஏற்றினாள். கேட்டவர்களிடம், வீணாய்ப் போகக்கூடாதே என்றாள்.

துறையில் பை சோதிக்கிற அதிகாரி வழக்கம்போல ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தான். ஒரு தீவின் விதையோ பூச்சியோ இன்னொரு தீவுக்குப் போய்விடக்கூடாது, அதுதான் சட்டம். வெந்த சாப்பாடு போகலாம், கல்யாணப் பூங்கொத்து போகாது. எதற்கும் இருக்கட்டும் என்று நார்சிசா ஒளித்து எடுத்துவந்த பூங்கொத்தை அவன் வாங்கி மேசைக்கடியில் வைத்தான். போகிறது கல்யாணத்துக்கு இல்லை, பூ எதற்கு என்று சுலேமா சொல்லிவிட்டு, கல்யாண உடுப்பின் மேல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு படகில் ஏறினாள். உடுப்பை மாற்ற நின்றால் கோபம் ஆறிவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

படகை ஓட்டினவன் ஹோல்கர், எலியேசெரின் சித்தப்பா மகன். தூறலும் பெரிய அலையும் சேர்ந்து வருகிற மாசம் அது, கடல் அன்றைக்குத் தன் புத்தியைக் காட்டியது. துறைமுகம் மறைவதற்குள் சுலேமா வாளியைக் கேட்டாள். அடுத்த அலையில் ஃபாதரும் அதே வாளியைக் கேட்டார். பிறகு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அதை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் கொஞ்சம் தெம்பு வந்தபோது அவள் எலியேசெரின் பரம்பரையையே திட்டித் தீர்த்தாள். ஃபாதர் அவளைக் கண்டிக்கவில்லை. அவருக்கும் அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

"அண்ணி, ஒண்ணு சொல்லவா?" என்றான் ஹோல்கர், திரும்பிப் பார்க்காமல். "அந்தத் திமிங்கிலம் இருக்கே, அது நெஜம். அன்னிக்கு நானும் அண்ணன்கூடப் படகுல இருந்தேன். கன்னுக்குப் பால் குடுத்துட்டிருந்துச்சு. சத்தம் போட்டா பயந்துடும்னு அண்ணன் எங்கள இருமக்கூட விடல."

"நீ அவன் தம்பி. வேற எப்படிப் பேசுவே?" என்றாள் அவள். ஆனாலும் அந்த 'இருமக்கூட' என்கிற சொல் காதில் ஒட்டிக்கொண்டது. பொய் சொல்கிறவனுக்கு அந்தச் சொல் தோன்றாது.

இரண்டு மணி நேரம் கழித்துப் பாறை நடுவிலிருக்கிற சின்னத் துறையில் படகு நின்றது. ஆட்டம் நின்ற அந்தக் கணமே சுலேமாவுக்கு உயிர் வந்தது. தூறல் விட்டு வெயில் அடித்தது. துறைப் படிகள் முழுக்கக் கடல் ஓணான்கள் ஒன்றின் மேல் ஒன்று காலைப் போட்டுக்கொண்டு வெயில் காய்ந்தன. போங்கள் என்றால் போகிற ஜாதியா அவை? உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வாலாகத் தாண்டித் தாண்டி மேலே ஏறினாள். ஒரு கிழட்டு ஓணான் அவளைப் பார்த்து மூக்கால் உப்புத் தண்ணீரைச் சீறியது. ஊரில் யாரும் இல்லாததால் தெரு, பெஞ்சு, கடை வாசல் எல்லாவற்றிலும் கடற்சிங்கங்கள் வீட்டுக்காரர்கள் மாதிரி படுத்துக் கிடந்தன. அவளுக்கு எரிச்சலுக்கு நடுவே லேசாகச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டாள்.

துறைக்கு அந்தப் பக்கம், முழங்கால் தண்ணீரில் எலியேசெர் நின்றுகொண்டிருந்தான். மேலே கல்யாணக் கோட்டு, கீழே சுருட்டிவிட்ட பேன்ட், கையில் படகின் கயிறு. கோட்டில் ஒரு கை கறுப்பு, இன்னொரு கை பழுப்பு. கழுதை தின்ற கைக்குப் பதிலாக ஏதோ பழைய கோட்டின் கையை வெட்டித் தைத்திருந்தது. சுலேமா அந்தப் பழுப்புக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். வாய் பிளந்தான். பிறகு, கல்யாண உடுப்பில் கடல் தாண்டி வந்திருக்கிற தன் மணப்பெண்ணிடம் அவன் சொன்ன முதல் வார்த்தை இது:

"கிட்ட வராதே. ரெண்டு மீட்டர்."

மூக்குக்கு மேல் கோபம் வந்தது அவளுக்கு. மோதிரத்தைக் கழற்றிக் கைக்குள் இறுக்கிக்கொண்டு நேரே தண்ணீரில் இறங்கினாள். அப்போதுதான் ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

படகின் பின்பக்கத்துப் பலகையில், 'சுலேமா' என்று நீலத்தில் பெரிசாக எழுதியிருந்ததற்கு நேர் மேலே, ஒரு தாய்க் கடற்சிங்கம் சாய்ந்து கிடந்தது. அதன் மார்பருகே கறுப்பாக, ஈரமாக, அளவுக்கு மீறின தோலைப் போர்த்திக்கொண்டது போல ஒரு குட்டி. தொப்புள் கொடி இன்னும் தொங்கியது. குட்டி கத்தும், தாய் மூக்கால் அதைத் தடவிப் பதில் குரல் கொடுக்கும். மறுபடி குட்டி கத்தும். நூறு குட்டிகள் நடுவிலும் இந்தக் குரலைக் கண்டுபிடிக்க அவை இப்படித்தான் பழகிக்கொள்ளும் என்று ஹோல்கர் அவள் பின்னால் நின்று கிசுகிசுத்தான். சுலேமா அசையவில்லை. உடுப்பு நனைந்து கனத்தது. காலை முழுக்கச் சேர்த்துவைத்த வசவெல்லாம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. மனசில் திடீரென்று அப்படி ஒரு சந்தோஷம்.

"ராத்திரி தடுப்புப் பலகை வைக்கலியா நீ?" என்று பின்னாலிருந்து ஊர்க்காரர்கள் எலியேசெரைக் காய்ச்சி எடுத்தார்கள். இந்தத் தீவில் வீட்டுக் கதவைப் பூட்ட மறப்பவர்கள் உண்டு. படகின் பின்பக்கத்துக்குத் தடுப்பு வைக்க மறப்பவர்கள் கிடையாது. வைக்காவிட்டால் விடிவதற்குள் கடற்சிங்கம் ஏறிப் படுத்துவிடும். அப்புறம் எழுப்பவும் முடியாது, அந்த நாற்றத்தை ஒரு மாசத்துக்குப் போக்கவும் முடியாது.

"வச்சா பேரு மறைஞ்சுடும்ல" என்றான் எலியேசெர், கயிற்றைப் பார்த்துக்கொண்டு. "காலையில எழுந்ததும் மொதல்ல அதப் பாக்கணும்னு இருந்துச்சு."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவன் சுலேமாவிடம் திரும்பி எல்லாவற்றையும் சொன்னான். வனக்காவலரிடம் ஃபோனில் கேட்டாகிவிட்டது. தாய் தானாகக் குட்டியைக் கூட்டிப் போகிறவரை தொடக்கூடாது, யாரும் ரெண்டு மீட்டருக்குள் போகக்கூடாது, படகை அசைக்கக்கூடாது. தண்ணீர் வடிகிறது, கயிற்றை அவ்வப்போது தளர்த்தாவிட்டால் படகு சாய்ந்து குட்டி பாறை இடுக்கில் விழுந்துவிடும். ஊரில் வேறு ஆள் இல்லை. அதனால் நிற்கிறான்.

"நீ நம்ப மாட்டேன்னு தெரியும்" என்றான். "ஆனா இத விட்டுட்டு எப்படி வரது, சொல்லு?"

சுலேமா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நனைந்த பேன்ட், ரெண்டு கலர் கோட்டு, விடியலிலிருந்து தண்ணீரில் ஊறிச் சுருங்கிப்போன விரல்கள். திமிங்கிலக் கன்றுக்காக இருமாமல் உட்கார்ந்திருந்தவன். இந்த ஆளைத்தான் நான் மூன்று தடவை பொய்யன் என்று நினைத்தேன் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பெருமையாக இருந்தது.

"கயித்த என்கிட்ட குடு" என்றாள். "போய் ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு வா. ஒதடு நீலமாப் போச்சு உனக்கு."

'நீங்க' போய் 'நீ' வந்ததைக் கேட்ட நார்சிசா, அந்த நிமிஷமே பானைகளை இறக்கச் சொன்னாள்.

படியில் உட்கார்ந்திருந்த ஃபாதர் அனிபால், முகம் இன்னும் பச்சையாக இருக்க, தன் தீர்மானத்தை அறிவித்தார். "இன்னிக்கு இனி நான் எந்தப் படகுலயும் ஏற மாட்டேன். கல்யாணம் பண்ணி வைக்கச் சொன்னா வைக்கிறேன். இல்லன்னா எனக்கு இங்க ஒரு வீடு பாருங்க."

கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் கரைக்கு வர முடியாது என்பதால் கல்யாணம் முழங்கால் தண்ணீரிலேயே நடந்தது. ஃபாதர் அங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, சட்டப்படி ரெண்டு மீட்டர் தள்ளி நின்றார். பூங்கொத்து இல்லையே என்று யாரோ சொல்ல, ஹோல்கர் ஓடிப்போய் எலியேசெரின் வீட்டுத் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி கொத்தமல்லியைப் பறித்துவந்தான். சுலேமா அதை முகர்ந்து பார்த்தாள். அவள் கடைக்கு வருகிற கொத்தமல்லியெல்லாம் இதன் முன் வைக்கோல். மறு கையை விரித்தபோது மோதிரம் உள்ளங்கையில் வட்டமாகப் பதிந்திருந்தது. எறியத்தான் கொண்டுவந்தாள் என்பது எலியேசெருக்குப் புரிந்தது. அதை வாங்கி அவள் விரலில் போட்டான்.

"எலியேசெரை மனப்பூர்வமாக ஏற்றுக்கொள்கிறாயா?" என்று ஃபாதர் கேட்டதும், சுலேமா வாய் திறப்பதற்குள் தாய்க் கடற்சிங்கம் தொண்டை கிழியக் கத்தியது. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. ஃபாதர் பொறுமையாக, "நான் இவங்களக் கேட்டேன்" என்றார்.

"அதுக்கு சம்மதம்னா எனக்கும் சம்மதம்" என்றாள் சுலேமா.

அன்றைய விருந்து கருமணலில் நடந்தது. தேங்காய்ப்பால் மீனும் சோறும் வறுத்த வாழைக்காயும். குருவிகள் தட்டு விளிம்பிலேயே வந்து உட்கார்ந்து பருக்கைக்கு உரிமை கொண்டாடின. சாயங்காலம் யாரோ கிட்டார் எடுத்தார்கள். எலியேசெரும் ஹோல்கரும் மாற்றி மாற்றிக் கயிறு பிடித்தார்கள். மறுநாள் கடல் அடங்கியதும் ஃபாதரும் நார்சிசாவும் கிளம்பினார்கள். சுலேமா கிளம்பவில்லை. இருக்கிற குடலாவது மிஞ்சட்டும், எலியேசெர் படகு காலியானதும் சாமானோடு சாமானாக வருகிறேன் என்றாள்.

படகு காலியாக இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. சும்மா இருக்கிற பெண்ணா அவள்? எலியேசெர் வீட்டு வாசலில் அடுப்பு மூட்டினாள். முதல் நாள் ஊருக்கு மட்டும் சமைத்தாள். அடுத்த நாள் வாசனை பிடித்துக்கொண்டு பகல் படகில் வந்த பயணிகள் வந்து நின்றார்கள். சமையல் முடிந்து கைகழுவினால் பத்தடியில் கடல், ஆமை தலையைத் தூக்கி மூச்சு விடுவது தெரியும். காலையில் குட்டி கத்துகிற சத்தத்தில்தான் விழிப்பாள். ஐந்து நாளில் அந்தக் குரலை மற்றக் குட்டிகளின் குரலிலிருந்து அவளும் பிரித்துச் சொன்னாள். எலியேசெர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான், ஒன்றும் கேட்கவில்லை. கொடுத்த வாக்கைக் கொடுத்தவனே தளர்த்தக்கூடாது என்று நினைக்கிற ஆள் அவன்.

ஒருநாள் தாய், குட்டியைக் கழுத்தில் கவ்வித் தண்ணீரில் இறக்கி, கடற்கரைக் கூட்டத்துக்குக் கூட்டிப்போய்விட்டது. எலியேசெர் நாளெல்லாம் படகைத் தேய்த்துக் கழுவினான். கட்டிலைப் பிரித்து ஏற்றினான், பெட்டியை ஏற்றினான், பாத்திரத்தை ஏற்றினான். சாயங்காலம் மறக்காமல் தடுப்புப் பலகையைப் பின்பக்கத்தில் பொருத்தினான். 'சுலேமா' மறைந்தது. காலையில் கிளம்பலாம் என்றான். சிரித்த முகமாகத்தான் சொன்னான். ஆனால் சொல்லிவிட்டு வெகுநேரம் துறைப் படியில் ஓணான்களோடு உட்கார்ந்திருந்தான். அதைச் சுலேமா அடுப்படியிலிருந்து பார்த்தாள்.

விடிந்ததும் அவன் துறைக்குப் போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"பலகையக் காணோம்" என்றான். "படகுல மூணு படுத்திருக்கு. ஒண்ணு கட்டில் மேலயே படுத்திருக்கு."

சுலேமா வாசலில் குந்தி உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். மீன் இருந்தது அந்தப் பலகை மேல்.

"எழுப்பக் கூடாதுல்ல?" என்றாள், கத்தியை நிறுத்தாமல். "சட்டம்."

எலியேசெர் பலகையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வாய் காதுவரை போனது. கண் கலங்கியதை மறைக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

அந்த நேரம் பார்த்து நார்சிசா ஃபோன் செய்தாள். கடையில் கூட்டம், புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் எப்போதுதான் வந்து சேர்வார்கள் என்று கேட்டாள்.

"படகுல கடற்சிங்கம் படுத்திருக்கு" என்றாள் சுலேமா. "எங்களால வர முடியாது. கடைய நீயே பாத்துக்கோடி."

மறுமுனையில் நார்சிசா சிரிக்க ஆரம்பித்தாள்.